தறி நின்றபோது கேட்ட ஜெபம்

அம்மா திருவிருந்துக்கு எழுந்து போகாத முதல் ஞாயிற்றுக்கிழமை, அவளுக்குக் கால் மரத்துப்போயிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. போதகர் மேசை மேலிருக்கும் வெள்ளைத் துணியை விலக்கிவிட்டு, அயலாரோடு சமாதானமாக இருக்கிறவர்கள் வரலாம் என்று அழைப்பார். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கமாக எழுந்து போய், மேசைக்கு முன்னால் முழங்காலில் நின்று, ஒரு துண்டு அப்பமும் ஒரு மடக்கு திராட்சரசமும் வாங்கிக்கொண்டு திரும்புவோம். பெண்கள் வரிசையில் அம்மா எப்போதும் முன்னால் போகிறவள். அன்று மற்றவர்கள் அவளைத் தாண்டிக்கொண்டு போனார்கள். நானும் போனேன். திரும்பி வந்தபோது முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் கேட்டேன்.

"பக்கத்தூட்டு அக்காவோட பேச்சுவார்த்த இல்லாம இருக்கறேன். எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போயி அங்க மண்டி போடறது?" என்றாள்.

"தப்பு அவங்க மேலதானம்மா?"

"தப்பு யாரு மேலன்னா அங்க கேக்கறாங்க? சமாதானமா இருக்கறயான்னுதான் கேக்கறாங்க."

அடுத்த மாதமும் அவள் எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த மாதமும் அப்படியே. சபையில் பெண்கள் கவனிக்கத் தொடங்கினார்கள். உடம்புக்கு ஏதாவதா என்று ஒருத்தர் கேட்டார். வேறொருத்தர் கேட்காமலே என் முகத்தைப் பார்த்தார். அம்மா ஜவ்வரிசி ஆலையில் வேலை செய்கிறவள். வாரமெல்லாம் மரவள்ளிக் கிழங்கின் பாலும் புளித்த வாடையுமாக இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, பெட்டியிலிருக்கும் நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாட்டுப் புத்தகத்தைச் சும்மா கையில் பிடித்திருப்பாள், பாட்டெல்லாம் மனப்பாடம். ஊரில் அவளை யாரும் எந்த மேசைக்கும் முதல் ஆளாகக் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு மேசைக்குத்தான் அவள் தலைநிமிர்ந்து நடந்து போவாள். அதற்கும் போக முடியாமல் அவள் உட்கார்ந்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

இத்தனைக்கும் காரணம் பஞ்சு.

நாங்கள் இருப்பது மல்லசமுத்திரத்தைத் தாண்டி ஒரு தெருவில். எங்கள் பின்வாசலுக்கு ஒரு பக்கச் சுவர், பக்கத்து வீட்டுத் தறிக்கூடத்தின் சுவர்தான். அதில் ஒரு ஜன்னல் எங்கள் பக்கம் பார்த்து இருக்கிறது. முன்பெல்லாம் அது சாத்தியே கிடந்தது. கூடத்துக்குள் தூசி அடைகிறது, மூச்சு முட்டுகிறது என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா அதைத் திறந்து, தூசியை வெளியே தள்ளுகிற ஃபேன் ஒன்றை மாட்டினார். அன்று முதல் அவர் தறியில் பறக்கிற பஞ்செல்லாம் எங்கள் வாசலில் வந்து இறங்கியது. கொடியில் காயப்போட்ட துணியில் பஞ்சு. குடத்துத் தண்ணீரில் பஞ்சு. அடுப்பிலிருந்து இறக்கிய குழம்பைத் திறந்தால் அதற்குள் மிதந்து வந்து உட்காரும். அம்மா ஒரு நாள் போய்ச் சொன்னாள். "என்ற ஊட்டு ஜன்னல் எந்தப் பக்கம் தொறக்கோணும்னு நீங்க சொல்றீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அம்மாவும் ஏதோ சொல்லியிருக்கிறாள். என்ன சொன்னாள் என்று இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை.

பெரியம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணவர் போன பிறகு யாருடைய தயவும் இல்லாமல் தறி ஓட்டி மகனைப் படிக்கவைத்தவர். மகன் திருப்பூரில் இருக்கிறான். இங்கே அவர் தனி. அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போடும்போது அவர் விரலைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அப்படி வேகம். வாயும் அதே வேகம். தெருவில் அவரிடம் பேச்சு வாங்காத வீடு இல்லை. பால்காரர் சைக்கிள் மணியை அந்த வீட்டைத் தாண்டித்தான் அடிப்பார்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். வேதியியலில் முதுகலை முடித்துவிட்டு, திருச்செங்கோடு பக்கம் ஒரு கோழித்தீவன ஆலையின் ஆய்வகத்தில் இருக்கிறேன். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு மக்காச்சோளத்தில் ஈரம் எவ்வளவு, பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. நான் கையெழுத்துப் போடாமல் ஒரு லோடும் உள்ளே இறங்காது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அப்படிப்பட்ட நான் பஞ்சுக்கு என்ன செய்வேன்? மனு எழுதினேன். பேரூராட்சிச் செயல் அலுவலருக்கு, பொருள், பார்வை எல்லாம் போட்டு, இரண்டு பக்கம். படித்துப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். எழுத்து வரிசையாக இருக்கிறது என்றாள். பிறகு, "இதக் குடுத்துட்டீன்னா நான் எந்தக் காலத்துலயும் திருவிருந்துக்குப் போக முடியாது சாமி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அப்பா லாரி டிரைவர். வடக்கே லைனுக்குப் போனால் வீடு திரும்ப வாரக்கணக்காகும். போனில் விஷயத்தைச் சொன்னேன். "நான் நாக்பூர்ல லோடு கெடைக்காம நிக்கறேன். நீங்க ரெண்டு பேரும் பஞ்சுக்குச் சண்ட போட்டுட்டு இருக்கறீங்க. மூணு பொம்பளைங்களும் சேந்து அதுல தலகாணி தச்சு வையுங்க, வந்து படுக்கறேன்" என்றார். அம்மா போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் உபவாச ஜெபம் நடக்கும். சபைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, மத்தியானம் ஜெபம் முடிந்த பிறகு காபி குடிப்பார்கள். எனக்கு ஆலையில் ஞாயிறோடு வெள்ளிக்கிழமையும் விடுமுறை, அம்மா அன்று ஒரு நாள் கூலியை விட்டுவிடுவாள். வேதபகுதி வாசிப்பது என் பொறுப்பு. அவர்களில் பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்ட வராது. நான் வாசிக்கும்போது, தங்கள் வீட்டுப் பிள்ளையே வாசிப்பதுபோல் தலையாட்டிக் கேட்பார்கள். அந்த அரைமணி நேரத்துக்காகவே நான் வெள்ளிக்கிழமையை எதிர்பார்த்திருப்பேன்.

வாசிப்பு முடிந்ததும் ஜெபம். எங்கள் ஊரில் ஜெபம் கத்தித்தான் செய்ய வேண்டும். தறிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கு மெல்லப் பேச வராது. காபி வேண்டுமா என்பதையே சண்டைக்குப் போகிற மாதிரிதான் கேட்போம். ஜெபத்திலும் அப்படித்தான். ஆண்டவருக்கு மனசுக்குள் நினைத்தாலே கேட்டுவிடும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஆமென் சொல்ல வேண்டுமே, அவருக்குக் கேட்க வேண்டும். தறி ஓடுகிறவரை இதில் ஒரு வசதியும் உண்டு. எங்கள் வீட்டுக்குள் எவ்வளவு கத்தினாலும் சுவரைத் தாண்டி ஒரு வார்த்தை போகாது. யார் வீட்டுக் கதையையும் யாருக்கும் தெரியாமல் அழுது கொட்டலாம்.

அன்று அம்மாவின் முறை. கண்ணை மூடி, முந்தானையைப் போர்த்திக்கொண்டு, "அன்புள்ள இயேசப்பா" என்று ஆரம்பித்தாள். அப்பாவின் வண்டி டயருக்காக வேண்டினாள். என் வேலைக்காக நன்றி சொன்னாள். அப்புறம் குரல் ஏறியது.

"பக்கத்தூட்டு அக்காவ உம்ம கையில குடுக்கறேனப்பா..."

அந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது.

தறி ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக்கொண்டு நின்றது. தலைக்கு மேலே எங்கள் ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. ஜெபத்தில் நான் கண்ணை முழுவதும் மூடுகிறவள் இல்லை, அதனால் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். அவர்கள் குரல் தானாக இறங்கி உதட்டோடு நின்றது. அம்மா மட்டும் அதே சத்தத்தில் போய்க்கொண்டிருந்தாள். பாவம், அவளுக்குத் தறிச் சத்தம் காதுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

"அந்த அக்காவுக்கு வலது முட்டியில வலியப்பா. தறிக்கிட்டயே நின்னு நின்னு வந்த வலி. நீரு தொட்டுச் சொகமாக்கும். திருப்பூர்ல இருக்கற மகன் போனே பண்றதில்ல, அவன் மனசத் திருப்பும். ராத்திரி ஒத்தையில சாப்பிடற அக்காவுக்கு நீரு தொணையா இரும்..."

நான் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையைத் தேடிப் பிடித்து இறுக்கிக்கொண்டாள். ஜெபத்தில் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கும் மகள் இன்றைக்காவது உருகிவிட்டாள் என்று நினைத்தாளாம். பிறகு சொன்னாள். அந்தச் சந்தோஷத்தில் இன்னும் ஒரு படி மேலே போனாள்.

"இயேசப்பா, நானும் யோக்கியம் இல்லீங்கப்பா. விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு, எங்க வாசல்ல கூட்டுன பஞ்சையெல்லாம் மொறத்துல அள்ளிட்டுப் போயி அந்த அக்கா கோலம் போடற எடத்துல கொட்டுனது நான்தான். ஒரு நாளில்ல, எத்தனையோ நாளு. அந்த அக்கா எதுத்தூட்டு டெய்லருதான் கொட்டறாருன்னு நெனச்சுட்டு அவரப் பேசுனாங்க. கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுட்டு இருந்தேனப்பா. எனக்குள்ள சிரிச்சேன். எம் புள்ள படிச்ச புள்ள, மனு எழுதி வெச்சிருக்கறா, அது குடுத்தா அந்த அக்கா ஆபீசுக்கு நடக்கோணும், அந்த முட்டிய வெச்சுட்டு எப்பிடி நடப்பாங்க? எனக்கு உம்ம மேசைக்கு வரோணும். இந்த மனசோட எப்பிடி வருவேன்..."

எனக்கும் அது புதுச் செய்தி. முறமும் கையுமாக அம்மா இருட்டோடு தெருவில் நடந்ததை என்னால் நம்ப முடியவில்லை. என் அம்மாதானா என்று அவள் முகத்தையே பார்த்தேன். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

ஆமென் என்றாள். யாரும் ஆமென் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்தாள். ஃபேனைப் பார்த்தாள்.

"கரண்ட்டு எப்பப் போச்சு?"

"நீ பக்கத்தூட்டு அக்கான்னு ஆரம்பிக்கறப்பவே போயிருச்சு" என்றேன்.

பின்வாசல் ஜன்னலிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. ஃபேன் நின்றிருந்ததால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது.

"முடிஞ்சுதுங்களா? இன்னும் இருக்குதுங்களா?"

அவர் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டு முன்வாசலுக்கு வந்தார். தலையெல்லாம் பஞ்சு. சபைப் பெண்கள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி நின்றார்கள். அம்மா வாசற்படியில் நின்றாள்.

"என்ற வாசல்ல பஞ்சக் கொட்டுனது நீங்கதானா?"

"ஆமாங்க்கா. நான்தான்."

"அந்த டெய்லரு பேசாத மனுசன். அவரப் புடிச்சு வாய்க்கு வந்ததெல்லாம் பேசிப்போட்டனே. அதக் கேட்டுட்டு வேற நின்னீங்களாக்கும்?"

"ஆமாங்க்கா."

"சிரிச்சீங்களா?"

அம்மா தலையாட்டினாள்.

"இத்தன விவரத்தையும் உங்க சாமிகிட்டப் போயிச் சொல்லத் தெரியுது. என்கிட்டச் சொன்னா என்னங்க? நான் என்ன அத்தன தூரத்துலயா குடியிருக்கறேன்?"

பெரியம்மா திரும்பிப் போய்விட்டார். நடக்கும்போது ஒரு காலைத் தாங்கித் தாங்கித்தான் வைத்தார். கரண்ட் வந்தது, தறி ஓடத் தொடங்கியது. அன்று காபியை யாரும் உட்கார்ந்து குடிக்கவில்லை.

அன்று சாயங்காலமே அம்மா எதிர்வீட்டு டெய்லரிடம் போனாள். நானும் கூடப் போனேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார். பிறகு கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைச் சரிசெய்துகொண்டு, "உங்க பஞ்சுக்கு இத்தன நாளும் பேச்சு வாங்குனது நானுங்களா? என்ற சம்சாரம்கூட நான்தான் கொட்டறேன்னு நம்பிட்டா. மொதல்ல அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிப்போட்டுப் போங்க" என்றார். அம்மா உள்ளே போய் அதையும் சொன்னாள். ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

ஒரு பக்கம் முடிந்தது. ஆனால் அம்மா முன்பைவிட மோசமாக இருந்தாள். முன்பு ஒரு பகை இருந்தது, அதில் நியாயம் தன் பக்கம் என்ற தைரியம் இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. அடுத்த மாதத்துத் திருவிருந்து நெருங்கிக்கொண்டிருந்தது. ஆலையிலிருந்து வந்ததும் பின்வாசலில் நின்று ஜன்னலைப் பார்ப்பாள். பஞ்சு தலையில் விழும். தட்டிவிடக்கூட மாட்டாள்.

நான் ஜெபித்தேன். இதை நான் அதிகம் யாரிடமும் சொல்வதில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வாய் அசையாமல் ஜெபிப்பதுதான் எனக்கு வரும். ஆண்டவரே, அந்தப் பெரியம்மாவைத் திருத்தும் என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அம்மா அவருடைய முட்டியிலிருந்து மகன் வரைக்கும் எல்லாம் தெரிந்து வைத்திருந்தாள். எனக்கு அவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மனுவில் எழுதிய இரண்டு பக்கம்தான். அதனால், அம்மா மேசைக்குப் போக வேண்டும், எப்படி என்று எனக்குத் தெரியவில்லை என்று மட்டும் சொன்னேன். திருச்செங்கோடு வந்துவிட்டது, இறங்கிவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில், பெண்கள் வருவதற்கு முன்னால், நானும் அம்மாவும் பின்வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். ஜன்னல் ஃபேன் நின்றது. தறி ஓடிக்கொண்டிருந்தது, ஃபேன் மட்டும் நின்றது. கம்பிக்குப் பின்னால் பெரியம்மாவின் முகம்.

"ஏனுங், இங்க வாங்க."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

"இன்னைக்கும் கூட்டம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க்கா. வேண்டாம்னா மெதுவாச் சொல்லிக்கறோம்."

"அதச் சொல்லல. அன்னைக்கு உங்க சாமிகிட்ட வலது முட்டின்னு சொன்னீங்க. எனக்கு வலிக்கறது இடது முட்டி. இன்னைக்குத் திருத்திச் சொல்லிப்போடுங்க."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியம்மா முகத்தில் சிரிப்பே இல்லை. கடைக்காரரிடம் தவறான நூல் வந்திருக்கிறது என்று சொல்கிற முகம். எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பாத்திரத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன். அம்மா என்னைத் திரும்பி முறைத்தாள், அப்புறம் அவளும் சிரித்துவிட்டாள்.

"சரிங்க்கா. இடதுன்னு சொல்லிர்றேன்."

"அப்பறம், என்ற மகன் போன் பண்றதில்லன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"நீங்கதானுங்க்கா. போன எடுத்து, ஏன்டா ஒரு வாரமா பேசலன்னு கத்துவீங்க. எங்களுக்குக் கேக்குமுங்க."

"கேக்குதுங்களா? தறி ஓடுறப்பவுமா?"

"உங்க கொரலு தறிய விடப் பெருசுங்க்கா."

பெரியம்மா கம்பியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டார். கோபிப்பாரா என்று பார்த்தேன். "இருக்கும்" என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"ஏம்பாப்பா, என்மேல மனு எழுதி வெச்சிருக்கறயாமா? எடுத்துட்டு வா. படிச்சுக் காட்டு."

வேண்டாம் என்று அம்மா கண்ணைக் காட்டினாள். பெரியம்மா விடவில்லை. எடுத்து வந்து ஜன்னலுக்குக் கீழே நின்று, தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, பொருள் முதல் கையொப்பம் வரை வாசித்தேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கற. அந்த மேற்படி நபருங்கறது நானா?"

"ஆமாங்க பெரியம்மா."

"மேற்படி நபருக்கு மூச்சு முட்டுதுன்னு அதுல எங்கயும் வரலயே. ஜன்னலச் சாத்துனா உள்ள நிக்க முடியல சாமி. தொறந்தா உங்களுக்குக் கஷ்டம். எனக்கும் தெரியாமயா இருக்குது? நீதான் படிச்சவளாச்சே, ஒரு வழி சொல்லு பாக்கலாம்."

அதற்கு என்னிடம் வழி இருந்தது. இத்தனை நாள் ஏன் எனக்குத் தோன்றவில்லை என்றால், யாரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை, நானும் மனு எழுதுவதிலேயே இருந்துவிட்டேன். எங்கள் ஆலையில் மக்காச்சோளம் அரைக்கிற மெஷினுக்குப் பின்னால் நீளமான துணிப்பைகள் தொங்கும். காற்று துணி வழியாக வெளியே போய்விடும், மாவுத் தூசி பைக்குள்ளேயே நின்றுவிடும். பை நிறைந்ததும் அவிழ்த்து உதறுவார்கள். அதேபோல் மெல்லிய பழைய சேலையில் ஒரு பை தைத்து, ஃபேனுக்கு வெளிப்புறம் ஜன்னல் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிடலாம் என்றேன். பெரியம்மா நாலைந்து கேள்வி கேட்டார். துணி நெருக்கமாக இருந்தால் காற்று போகாதே, எந்தச் சேலை, கிழிந்தால் என்ன செய்வது. எல்லாம் சரியான கேள்விகள்.

அம்மா தன் பழைய நூல் சேலையைக் கொடுத்தாள். டெய்லர் அதைத் தைத்துக் கொடுத்தார், பஞ்சுப் பழியிலிருந்து தப்பித்ததற்கு இதையாவது செய்கிறேன் என்று. முதல் பை காற்றுக்குப் பிய்த்துக்கொண்டு வந்து அம்மாவின் தலைமேல் விழுந்தது. இரண்டாவது பைக்கு ஓரத்தில் கயிறு கோத்து இறுக்கிக் கட்டினோம். அது நின்றது. காற்றில் உப்பிக்கொண்டு, கர்ப்பிணி வயிறு மாதிரி எங்கள் வாசலில் தொங்கியது. கொடியில் துணி வெள்ளையாகவே காய்ந்தது. அதன் முடிச்சு எங்கள் பக்கம் இருப்பதால், அதை அவிழ்த்துக் கொட்டப் பெரியம்மா எங்கள் வாசலுக்குத்தான் வர வேண்டும். கூடையை எடுத்துக்கொண்டு, நடுவீடு வழியாக, கேட்காமலே வந்தார். வந்தவர் சும்மா போகமாட்டார். எங்கள் அடுப்பு புகைகிறது, என் சடை மெலிந்துவிட்டது, அம்மா துணியை முறுக்காமல் காயப்போடுகிறாள் என்று ஏதாவது ஒன்று சொல்லிவிட்டுத்தான் போவார். அம்மாவும் பதிலுக்குச் சொல்வாள். இருவரும் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பேச்சுவார்த்தை இருந்தது.

ஆனாலும் அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. திருவிருந்துக்கு முந்தைய சனிக்கிழமை, பெரியம்மா பையைக் கொட்டிவிட்டுக் கிளம்பும்போது வழியை மறித்து நின்றாள்.

"அக்கா, ஒரு வார்த்த. நாளைக்கு எங்க கோயில்ல திருவிருந்து. உங்க மனசுல என்மேல ஒண்ணும் இல்லீன்னா நான் போலாமுங்களா?"

பெரியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "விருந்துக்குப் போறதுக்கு என்னைய எதுக்குங்க கேக்கறீங்க?"

நான் விளக்கினேன். பகையோடு அந்த மேசைக்குப் போகக் கூடாது என்று அம்மா மாதக்கணக்காகப் போகாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னேன். பெரியம்மா கூடையைக் கீழே வைத்தார்.

"இத்தன மாசமா என்னாலயா விருந்து சாப்பிடாம இருந்தீங்க?"

"ஆமாங்க்கா."

"அப்பிடி என்ன போடுவாங்க? கறிச்சோறா?"

"இல்லீங்க்கா. அப்பம். இத்தனூண்டு துண்டு." அம்மா சுண்டுவிரல் நுனியைக் காட்டினாள்.

பெரியம்மா அந்த விரல் நுனியையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கேலி செய்யத்தான் போகிறார் என்று நினைத்தேன். செய்யவில்லை. கூடையிலிருந்து தரையில் சிந்திய பஞ்சைப் பொறுக்கினார். பொறுக்கிக்கொண்டே, "நானும் உங்கள நெறையப் பேசியிருக்கறேன். மனசுல ஒண்ணும் இல்ல. போயிட்டு வாங்க" என்றார். வாசலைத் தாண்டும்போது, "அந்தப் பேச்சுக்காகச் சாப்பாட்ட உடுவாங்களா ஒருத்தங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனது எங்களுக்குக் கேட்டது. அவருக்கும் மெல்லப் பேச வராது.

மறுநாள் போதகர் அழைத்தபோது அம்மா உடனே எழுந்திருக்கவில்லை. பழைய பழக்கத்தில் உட்கார்ந்துவிட்டாளோ என்று அவள் பக்கம் திரும்பினேன். முந்தானையைச் சரிசெய்கிறாள் என்று பிறகு தெரிந்தது. எழுந்து, பெண்கள் வரிசையில் முதல் ஆளாக நடந்தாள். நான் அவளுக்கு அடுத்தவளாக முழங்காலில் நின்றேன். அப்பத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு அவள் வெகுநேரம் மென்றாள். அத்தனை நேரம் மெல்ல அதில் ஒன்றும் இல்லை. போதகர் கிண்ணத்தோடு வந்து காத்து நின்றார். அவள் விழுங்கும்வரை நின்றார்.

பஸ் இறங்கி வீட்டுக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமையிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா நல்ல சேலையை மாற்றுவதற்குள் ஃபேன் நின்றது, ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"ஏனுங், சாப்பிட்டீங்களா?"

அம்மா பின்வாசலுக்குப் போய் நின்று, தறிக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னாள்.

"சாப்பிட்டேனுங்க்கா."